கீழே விழுந்த பத்தி

வலைப்பக்கத்தில், செய்தித்தாளில் இருப்பதுபோல், இரண்டு பத்திகளை அருகருகே நிறுத்துவது யாராலும் முடியும் சார். மூன்றாவதுதான் தகராறு செய்யும். இடம் ஓர் இழை குறைந்தாலும் பக்கத்தில் நிற்காமல், மற்ற இரண்டுக்கும் கீழே போய் விழுந்துவிடும். நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்குச் சிட்லபாக்கம். பள்ளிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வலைத்தளம் செய்து கொடுப்பது தொழில். எல்லாம் மின்னஞ்சலிலேயே முடிந்துவிடும். அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அதற்கு முன்னால் எப்போது பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை.

கலீல் பாய்க்குத் தாம்பரம் ஸ்டேஷன் அருகே பெட்டி, பை விற்கும் கடை. 2006 கோடையில் அவருடைய தம்பி சாஹில் காணாமல் போனான். வளர்ந்த பையன்தான், மனசு மட்டும் குழந்தையாகவே நின்றுவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிட்டான். போலீஸ், சுவரொட்டி, பேப்பர் விளம்பரம் எல்லாம் ஆகி, கடைசியில் பாய் என்னிடம் வந்தார்.

அவனுக்கென்று ஒரு பக்கம் செய்தேன். இடப் பத்தியில் அடையாளங்கள், நடுவில் படம், வலப் பத்தியில் பார்த்தவர்கள் எழுதும் தகவல்கள். யார் எழுதினாலும் உடனே அங்கே வந்துவிடும். ஆரம்பத்தில் பாயின் எண்ணைத்தான் போட்டிருந்தேன். விளையாட்டாகப் போன் செய்து அலைக்கழித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பி ஓடினார் மனிதர். அதனால் என் எண்ணை மாற்றிப் போட்டேன்.

அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மாலைத் தொழுகை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"இன்னா ஷ்யாம் சார், எதுனா வந்துச்சா?"

பக்கத்தைத் திறந்து காட்டுவேன். ஒன்றும் இருக்காது. உட்கார்ந்து தம்பியைப் பற்றிப் பேசுவார். கடைப் பெட்டிகளின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பானாம். பரோட்டாவைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துத்தான் தின்பானாம். அப்புறம் பேச்சு வேறெங்கோ போகும். கிளம்பும்போது, "உங்களாண்ட வந்தாதான் கொஞ்சம் மூச்சு வுட முடியுது சார்" என்பார். என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

அந்த வலப் பத்தி கீழே விழுந்துகொண்டிருந்தது. என் தவறில்லை. பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கும்படி மிதக்கவிட்ட பத்திக்கு நாம் கொடுக்கும் ஓர இடைவெளியை அப்போதிருந்த பிரவுசர் இரட்டிப்பாக்கிவிடும். தாம்பரத்தில் எல்லா பிரவுசிங் சென்டர்களிலும் அதே பிரவுசர்தான். சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது, கீழே கிடந்த அந்தப் பத்தியில் ஒரு செய்தி வந்திருந்தது.

மறைமலை நகர்ப் பக்கம் ஒரு காப்பகத்தில் வேலை செய்யும் ரத்தினபாய் என்ற அம்மாள் எழுதியிருந்தார். படத்தில் உள்ள பையன் எங்களிடம் இருக்கிறான், பெயர் சாஹில் என்கிறான் என்று.

நான் அந்த ஒரு வரியை எழுதவில்லை. அவ்வளவுதான் சார். எதையும் அழிக்கவில்லை. நடுப் பத்தியில் சாஹிலின் படங்கள் சிலவற்றைக் கூடுதலாகச் சேர்த்தேன். பாய்க்கு அவை மிகவும் பிடித்திருந்தன. நடுப் பத்தி நீண்டது. செய்தி இன்னும் கீழே இறங்கியது. அவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு போய் யாரும் பார்ப்பதில்லை.

என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே மறைமலை நகர் போனேன். அவனேதான். அண்ணனுக்கு இப்போது வர முடியாத நிலைமை, நான் குடும்ப நண்பன், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ரத்தினபாயிடம் சொன்னேன். சொன்னபடி ஞாயிறு தவறாமல் போனேன். பரோட்டா வாங்கிப் போவேன். பாய் சொன்ன மாதிரியேதான் பிரித்துத் தின்றான்.

"அண்ணன் எப்ப வரும்?"

"இதோ வந்துடுவாரு சாஹில்."

உடனே சிரித்துவிடுவான். வாசல் வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வருவான். அவனுக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ரத்தினபாய் போன் செய்தார். "சார், எப்படியாச்சும் அவங்க அண்ணன கூட்டினு வந்துடுங்க. கண்ணத் தொறந்தா அண்ணன் அண்ணன்னுதான் கேக்குறான்." பாய் அப்போது எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். யார் என்று கேட்டார். கல்யாண மண்டபம் என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அடக்கத்துக்குப் போனேன். பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் முறைப்படி எல்லாம் செய்தார்கள். சொந்தக்காரர் யார் என்று கேட்டபோது ரத்தினபாய் என்னைக் காட்டினார். மூன்று பிடி மண் போட்டேன். அன்று மாலையும் பாய் வந்தார்.

"எதுனா வந்துச்சா சார்?"

"இன்னும் இல்ல பாய்."

வழக்கத்தைவிட அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மறு வருஷம் பாயின் மகள் ஷபீனாவுக்கு ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே அந்தக் கோளாறு இல்லாத புது பிரவுசர் போட்டிருந்தார்கள். சித்தப்பாவின் பக்கத்தை அதில் திறந்திருக்கிறாள். மூன்று பத்திகளும் தாமாகவே அருகருகே நின்றிருக்கின்றன. வலப் பத்தியில், தலைப்புக்கு நேர் கீழே, ரத்தினபாயின் செய்தி, தேதியோடு.

அப்பாவும் மகளும் மறைமலை நகர் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். பாய் என்னை அடிக்கவில்லை. உள்ளேயும் வரவில்லை. "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார். ஷபீனாதான் அவர் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

நீங்களும் அதையே கேட்கிறீர்கள். பதில் ரொம்பச் சாதாரணமானது. "கெட்ட சேதி வந்துச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன் சார்" என்று பாய் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சொல்வேன்? நீங்கள் அவரிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். கோபம் தணிந்ததும் வருவார். பாவம், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?