துடுப்பு மறந்த ரொட்டி

இந்த மணவிழா வரவேற்பின் நடுநாயகமாக வீற்றிருக்கும் அவைத்தலைவர், மணமகளுக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! மணமகனைப் பெற்று, பேணி, இன்று எங்களுக்கும் பங்கு கொடுத்திருக்கும் பெருமைக்குரிய சம்பந்தி அம்மா அவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற கவலையை அடிமனதில் அடக்கிக்கொண்டு புன்னகை பூத்திருக்கும் தாய்மார்களே! பந்திக்கு முந்துவதற்காகப் பக்கக் கதவருகே பதுங்கி நிற்கும் பங்காளிகளே! அனைவருக்கும் மணமகளின் தாய்மாமன் பணிவன்போடு சொல்லும் வணக்கம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே போனவர்களைப் பத்திரமாகக் கீழே இறக்குவது என் தொழில். ஆனால் மேடை ஏறியவனைக் கீழே இறக்க இன்னும் எந்தக் கருவியும் வரவில்லை. ஆகவே, கதவருகே நிற்கும் பங்காளிகள் உட்கார்ந்துகொள்ளலாம்.

மணமக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு ரொட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். இதோ, மணமகளின் தாயான என் அக்கா என்னை முறைக்கிறாள். முறைக்கட்டும்! முறைப்புக்குப் பயந்தால் முழங்க முடியுமா? சம்பந்தி அம்மாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டேன். அவரே "தாராளமா சொல்லுங்க, எனக்கென்ன வெக்கம்?" என்று சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்று உண்டு. பிரெட் மேக்கர் என்றால் எல்லோருக்கும் புரியும். பல் மருத்துவமனையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் தாய், மாலையில் கடை வாசலிலும் கால் கடுக்க நிற்க வேண்டாமே என்று மகள் வாங்கிக் கொடுத்தது. தண்ணீரை ஊற்று, மாவைக் கொட்டு, ஈஸ்டைத் தூவு, மூடியை மூடு, பொத்தானை அமுக்கு, போ! அதுவே பிசையும், அதுவே பொங்க வைக்கும், அதுவே வேக வைக்கும், வெந்ததும் அதுவே கூவிக் கூப்பிடும். ஒரு வேலையைத் தொடங்கி இவ்வளவு ஒழுங்காக நான் முடித்ததே இல்லை என்பதை, மூன்றாம் வரிசையிலிருந்து என் மனைவி தலையை ஆட்டி உறுதிசெய்கிறார்.

அந்த இயந்திரத்துக்கு இரண்டு குணம். மாவு பிசைய, பாத்திரத்தின் அடியில் ஒரு சின்னத் துடுப்பை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் மோட்டார் சுற்றும், மாவு சுற்றாது. இன்னொன்று, சிறிய ரொட்டி சுட அதற்குத் தெரியாது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பந்திக்கே போதுமான ரொட்டி எழுந்து நிற்கும்.

அப்படியானால் மிச்சம்? மிச்சத்தை எறிவாளா என் அக்கா? காய்ந்த துண்டா, உறைபெட்டிக்குப் போ! கருகிய ஓரமா, உறைபெட்டிக்குப் போ! யாருமே தொடாத முனைத்துண்டா, நீயும் போ! அந்த வீட்டு உறைபெட்டியைத் திறந்தால் ஐஸ் கட்டிக்கு இடம் இருக்காது. "அக்கா, இதெல்லாம் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "நீ வருவேல்ல, அதுக்குத்தான்" என்றாள். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மணமகளும் மணமகனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். ஊர் தடுக்கவில்லை, உறவு தடுக்கவில்லை. தடுத்தது யார்? மணமகளேதான்! "அப்பா இல்லாத வீட்டுல அம்மாவைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்றாள் இவள். "பொண்ணு குடுத்த வீட்டுல போய் நான் தங்கமாட்டேன்" என்றாள் என் அக்கா. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். இங்கே இரண்டும் ஓரடிகூட நகரவில்லை. பேச்சுவார்த்தை இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் மாப்பிள்ளையின் தாயார், "நானே நேர்ல வரேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுதான் கிளம்புவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் யார் தெரியுமா? ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். ஒரு பொத்தான் தளர்ந்திருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்புகிறவர். என் அக்கா துடைக்கும் துணியைக் கையில் எடுத்தாள். வீட்டைத் துடைத்தாள், விளக்கைத் துடைத்தாள், வாசலில் நின்ற என்னையும் துடைத்திருப்பாள், நான் விலகிக்கொண்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் கழுவினாள். வருகிறவருக்குச் சுடச்சுடப் புது ரொட்டி பரிமாற வேண்டும் என்று பொத்தானை அமுக்கினாள்.

இயந்திரம் உறுமியது. உருண்டது. கூவிக் கூப்பிட்டது. திறந்து பார்த்தோம். அன்பர்களே, அடியில் பசை, நடுவில் களிமண், மேலே புழுதி! கழுவிய துடுப்பு, கழுவிய தட்டுகளுக்கு நடுவே காய்ந்துகொண்டிருக்கிறது. வாசலில் மணி அடிக்கிறது.

என்ன செய்வாள் ஒருத்தி? உறைபெட்டியைத் திறந்தாள். காய்ந்த ஓரங்களைப் பொடித்து, உருளைக்கிழங்கு கட்லெட்டை அதில் புரட்டி எடுத்துப் பொரித்தாள். முனைகளைச் சின்னச் சின்னதாக நறுக்கி, பூண்டும் வெண்ணெயும் சேர்த்து வறுத்து, சூப்பில் மிதக்கவிட்டாள். மிஞ்சிய துண்டுகளைப் பாலிலும் முட்டையிலும் சர்க்கரையிலும் ஊறவைத்துப் புட்டிங் ஆக்கினாள். எனக்கு ஒரே ஒரு வேலை. வந்திருந்த தாயிடமும் மாப்பிள்ளையிடமும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது. அன்று வானத்தில் மேகம்கூட இல்லை, நான் என்னத்தைப் பேசுவது?

பரிமாறினாள். தரம் பார்ப்பவர் சாப்பிட்டார். மறுபடி வாங்கினார். பிறகு கேட்டார்: "இந்த கட்லெட் மேல என்ன போட்டீங்க? இவ்ளோ மொறுமொறுன்னு இருக்கு?"

வீடு தேடி வந்தவருக்கு மிச்சத்தைப் போட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? அக்கா வாயைத் திறப்பதற்குள், இதோ இங்கே அடக்கமே உருவாக அமர்ந்திருக்கிறாளே, இந்த மணமகள், குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அத்தை, அது போன வாரத்து பிரெட். சூப்புல மிதக்குதே, அது முந்தாநாள் பிரெட். புட்டிங் அதுக்கும் முந்தினது. இன்னைக்குச் சுட்டது சட்டியோட நாசமாப் போச்சு."

அந்த அம்மா எழுந்தார். நேரே சமையலறைக்குள் போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். கழுவிய தட்டுகளுக்கு நடுவிலிருந்த அந்தத் துடுப்பை இரண்டு விரலால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"அதாங்க மாவு பிசையிற துடுப்பு. கழுவினேன், மாட்ட மறந்துட்டேன். அதான் ரொட்டிக்கு இந்தக் கதி."

"இதுவா பிசையுது? இதே மாதிரி ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. காத்துல பாத்ரூம் ஜன்னல் அடிக்காம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருக்கேன்!"

மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். "அம்மா! மெஷின் ரிப்பேருன்னு சொல்லிப் பரண்ல ஏத்தினியே!"

"பின்ன? ரெண்டு தடவை சுட்டேன், ரெண்டு தடவையும் செங்கல்தான் வந்துச்சு!"

கேட்டீர்களா அவையோரே! பொத்தான் தளர்ந்தால் சட்டையைத் திருப்பி அனுப்புகிறவர், துடுப்பைப் பிடுங்கி ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டு இயந்திரத்தைப் பரணில் ஏற்றியிருக்கிறார்! முதலில் சிரித்தவர் அவர்தான். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. அக்கா சிரித்தாள், மாப்பிள்ளை சிரித்தார், மேலே மேகத்தைத் தேடிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

சிரிக்காதவள் ஒருத்தி. மணமகள் அந்த இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அத்தை, இது சின்னதா சுடாது. ரெண்டு பேர் இருக்கும்போதே பாதி மீறுது. நான் வந்துட்டா, இவங்க ஒத்த ஆளா உக்காந்து ஒரு துண்டு சாப்பிட்டுட்டு மீதியைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. அதை நெனச்சா நான் எப்படி வர்றது?"

அக்கா சேலைத் தலைப்பை எடுத்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த அம்மா சொன்னார். அதுவரை "ஏங்க, வாங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் முதல்முறையாக அந்த உறவைச் சொல்லி அழைத்தார்: "சம்பந்தி, நீங்க முழு ரொட்டியே சுடுங்க. எங்க கம்பெனி பஸ் உங்க தெரு முனையிலதான் நிக்குது. வேலை முடிஞ்சு தினமும் இங்க இறங்குறேன். உக்காந்து டீ குடிச்சு, பாதியைத் தின்னுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும், நான் உங்க வீட்டுக்கு வரேன். சரியாப் போச்சா?"

மிச்சம் என்றால் என்ன, பெரியோர்களே? வேண்டாததா? வீணா? பழசா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! சாப்பிட ஆள் வந்து சேரும்வரைதான் அதற்கு மிச்சம் என்று பெயர். ஆள் வந்துவிட்டால் அது விருந்து! அம்மாவை யார் பார்த்துக்கொள்வது, யார் வீட்டில் யார் இருப்பது என்று நாங்கள் அத்தனை பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். பக்கத்தில் வந்து உட்கார ஓர் ஆள் போதும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே!

சொன்னதைச் செய்தாரா என்று கேட்கிறீர்களா? பின்வரிசையில் யாரோ கேட்டீர்கள், கேட்டது. அன்றிலிருந்து வேலை நாளில் ஒரு மாலைகூட அவர் தவறவில்லை. நேற்று கல்யாண வேலையில் அக்கா ரொட்டி சுடவில்லை. மாலையில் மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். சம்பந்தி அம்மா கைப்பையோடு நின்றார். மண்டபம், மாலை, பந்தல் எதைப் பற்றியும் கேட்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "சம்பந்தி! என் பாதி எங்க?"

மணமக்களே, நீங்கள் நிம்மதியாக வாழுங்கள். உங்கள் அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பொறுமையோடு செவி கொடுத்த அவைக்கும், பசியோடு செவி கொடுத்த பங்காளிகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம். வாருங்கள், சாப்பிடலாம்!