ஒன்றில் நின்ற வளையம்

துப்பாக்கி மேல் பூட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப் வாங்க வருகிறவர்கள் எல்லாருமே தேவைக்கு மேல் பெரிதாகத்தான் கேட்பார்கள். முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் வேட்டைச் சாமான் கடை நடத்துகிறேன், இது மட்டும் மாறவில்லை. ஐம்பது அடியில் புதரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிற காட்டுப்பன்றியைச் சுடப் போகிறவன், அடுத்த மலையில் மேய்கிற மானின் இமையை எண்ணுகிற மாதிரி ஒன்று கொடு என்பான். நான் சண்டை போட மாட்டேன். ஒரு கோப்பை காபி கொடுப்பேன். துப்பாக்கியில் பூட்டாத வெறும் ஸ்கோப்பைக் கையில் கொடுத்து, வாசலில் நின்று எதிர்ப்பக்க ரொட்டிக்கடையைப் பார்க்கச் சொல்வேன். பெரியதில் கதவின் கைப்பிடி மட்டும் தெரியும். சின்னதில் கதவு, ஜன்னல், வரிசையில் நிற்கிற கிழவர், அவருடைய நாய் எல்லாம் தெரியும். எதைச் சுடக் கூடாது என்பதும் தெரிய வேண்டாமா என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் சின்னதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நீங்கள் என்னை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். முதல் என்றால் இதுதான்.

ஃபோல்க்மார் கடைக்கு வந்தது செப்டம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. பல் டாக்டர். எனக்குப் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து சிநேகிதன். ஆறு வருஷத்துக்கு முன்பு நவம்பரில் என் தம்பி ஸெவெரினைச் சுட்டுக் கொன்றவன். ஊரில் எல்லாரும் அதை விபத்து என்றுதான் சொல்கிறார்கள். நானும் கடையில் வைத்து அப்படித்தான் சொல்லி வந்தேன், வாடிக்கையாளர்கள் எதிரில் வேறு எப்படிச் சொல்வது?

விரட்டு வேட்டையில் நாங்கள் ஆளுக்கொரு பரணில் உட்கார்ந்திருப்போம். விரட்டுகிறவர்கள் நாய்களோடு காட்டுக்குள் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள், பன்றிகள் அவர்களுக்கு முன்னால் ஓடிவரும். ஸெவெரின் விரட்டுகிற பக்கம். ஆரஞ்சு சட்டை, ஆரஞ்சுத் தொப்பி, கையில் குத்தீட்டி. நாய் ஒரு பன்றியை முள்புதரில் மடக்கிவிட்டது என்று உள்ளே போனான். ஃபோல்க்மார் பரணிலிருந்து சுட்டான். பன்றி தப்பிவிட்டது.

எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று திருப்பி வைக்கிற ஸ்கோப் வளையம் ஆறில் இருந்தது, கறுப்பாக ஒரு விலாவைத் தவிர எதுவும் தெரியவில்லை என்று அவன் நீதிமன்றத்தில் சொன்னான். ஆறு மடங்கில் வைத்துப் பார்த்தால் அப்படி ஆகக்கூடியதுதான். ஓட்டை வழியாகத் தெருவைப் பார்க்கிற மாதிரி. ஒன்றில் வைத்தால் கதை வேறு. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு மொத்தக் காட்டையும் பார்க்கலாம், ஆரஞ்சு சட்டை போட்ட ஓர் ஆள் கண்ணில் படாமல் போகவே முடியாது.

அன்றைக்கு முதலில் ஓடிப்போனது நான். ஃபோல்க்மார் பரணை விட்டு இறங்கி, ஸெவெரினின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி மேலே பலகையில் தோட்டாவோடு கிடந்தது. அப்படி விடக் கூடாது. நான் ஏறி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, கீழே கொண்டுவந்து மரத்தில் சாய்த்து வைத்தேன். போலீஸ் வந்து பார்த்தபோது வளையம் ஒன்றில் இருந்தது. பழைய கோப்பில் இருக்கிறது பாருங்கள். அதைக் கேட்டதற்கு ஃபோல்க்மார், பதற்றத்தில் நானே திருப்பியிருப்பேனோ என்னவோ என்று மென்று விழுங்கினான். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். கவனக்குறைவு. ஐந்து வருஷம் வேட்டை உரிமம் கிடையாது. அவ்வளவுதான் என் தம்பிக்கு.

எனக்கு மட்டும் பொறி தட்டிவிட்டது. வளையம் ஒன்றில் இருந்தது என்றால் அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுச் சுட்டிருக்கிறான்.

ஏன் சுட வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன், அவசரப்படவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு வேறொரு வேட்டை. ஃபோல்க்மார் ஒரு பெண் பன்றியை வயிற்றில் அடித்துவிட்டு, தவறிவிட்டது என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டான். அடிபட்ட மிருகத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் போவதை விடக் கேவலம் எங்களிடம் கிடையாது. மூன்றாம் நாள் ஸெவெரினின் நாய் அதைக் கண்டுபிடித்தது. அடுத்த முறை எல்லாரும் பட்டாணி சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸெவெரின் சத்தமாகச் சொன்னான்: "டாக்டர், பல்லுன்னா வேரோட புடுங்கறீங்க. பன்னிய மட்டும் ஏன் அரைகுறையா விட்டுட்டு வர்றீங்க?"

முப்பது பேர் சிரித்தார்கள். ஃபோல்க்மார் முகத்தில் ஈயாடவில்லை. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அது போதும் எனக்கு.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் கவனித்தேன். ஸெவெரினின் மனைவி ரோஸ்வீட்டா வீட்டில் அவன் விறகு பிளந்து போட்டான். பனிக்காலத்தில் வாசலில் விழுந்த பனியைத் தள்ளிவிட்டான். குற்றமில்லாதவன் எதற்கு இவ்வளவு செய்ய வேண்டும்? ரோஸ்வீட்டாவிடமே கேட்டேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தான், அந்த மனுஷன் தெனம் செத்துக்கிட்டு இருக்கார். உங்களுக்கு அது பத்தலயா?" என்றாள். எனக்கு அவள் மேலும் சந்தேகம் வந்தது. அதைப் பிறகு விட்டுவிட்டேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். உரிமம் திரும்பி வந்துவிட்டதாம். இந்த நவம்பர் வேட்டையில் ஒருமுறை வந்து பரணில் உட்காரும்படி ரோஸ்வீட்டாதான் சொன்னாளாம். வருகிறேன், ஆனால் சுட மாட்டேன் என்றான்.

சுடாதவனுக்கு ஸ்கோப் எதற்கு என்று கேட்டேன்.

"பாக்குறதுக்கு," என்றான். "எல்லாத்தையும் பாக்குறதுக்கு. நீயே ஒண்ணு எடுத்துக் குடு, வெண்டெலின். நான் எடுத்தா மறுபடியும் தப்பாப் போயிடும்."

என்ன ஒரு பேச்சு பாருங்கள். எனக்கு உள்ளே ஆத்திரம் பொங்கியது. ஆனால் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான், காபி போட்டுக் கொடுத்தேன். மூன்று ஸ்கோப் எடுத்து மேஜையில் வைத்தேன். மூன்றுமே ஒன்றிலிருந்து தொடங்குகிறவை. ஒன்று என்று எழுதியிருந்தாலும் சிலவற்றில் அது சரியான ஒன்றாக இருக்காது, குழாய்க்குள் தெரிகிற கதவு வெளியே தெரிகிற கதவை விடக் கொஞ்சம் பருத்திருக்கும். அப்போது இரண்டு கண்ணும் ஒத்துப்போகாது, தலை சுற்றும். முதலாவதில் அந்தக் கோளாறு இருந்தது. அதை ஒதுக்கினேன். இரண்டாவதில் வளையம் இறுக்கம், கையுறையோடு திருப்ப முடியாது. மூன்றாவது ஒன்றிலிருந்து ஆறு வரை, முன்கண்ணாடி இருபத்துநாலு மில்லிமீட்டர், குறிவைக்க நடுவில் பகல் வெளிச்சத்திலும் மங்காத சிவப்புப் புள்ளி. என் துப்பாக்கியில் இருப்பதும் அதே ரகம்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லாத பொருள்.

அவன் ஒவ்வொன்றாக வாங்கி ரொட்டிக்கடையைப் பார்த்தான். நான் அவன் விரல்களைப் பார்த்தேன். வளையத்தை அப்படியும் இப்படியும் திருப்பினான். மூன்று தடவையும் திருப்பிய இடத்திலேயே விட்டுவிட்டு மேஜையில் வைத்தான். ஒரு ஸ்கோப் நான்கில் நின்றது, மற்ற இரண்டும் ஆறில் நின்றன. ஒன்றுக்குக் கொண்டுவந்து வைத்தால் நான் கவனித்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருஷத்துக்குப் பிறகும் அவ்வளவு ஜாக்கிரதை. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முடிவாகத் தெரிந்தது.

மூன்றாவதையே பூட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை அவனைச் சுடுகளத்துக்கு அழைத்துப் போய், குறியைச் சரிபார்த்தும் கொடுத்தேன். அந்த வேலையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

யார் எந்தப் பரண் என்று சீட்டு எழுதுவது பல வருஷமாக என் பொறுப்பு. அவனுக்குப் பதினாலு எழுதினேன். எனக்குப் பதினைந்து. நடுவில் எழுபது மீட்டர், இளம் பீச் மரங்கள், இலை உதிர்ந்த காலம்.

வேட்டைத் தலைவர் காலையில் எப்போதும்போல் விதிகளைப் படித்தார். பக்கத்துப் பரணின் திசையில் சுடக் கூடாது. கொம்பு ஊதி முடிகிறவரை யாரும் பரணை விட்டு இறங்கக் கூடாது. எல்லாரும் தலையாட்டினோம். ஃபோல்க்மார் தலையைக் குனிந்தபடி என் பக்கத்தில் நின்றான்.

பத்தேகால் மணிக்கு முதல் கூட்டம் வந்தது. ஒரு தாய்ப் பன்றி, ஐந்து குட்டிகள். அவனுக்கு நேர் கீழே போயின. அவன் துப்பாக்கியை எடுக்கவே இல்லை, குழலை வானத்துப் பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு இரண்டு தனிப் பன்றிகள் போயின, அப்போதும் சுடவில்லை. நல்ல பிள்ளை வேஷம் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் பார்க்காத காட்டில் யாருக்காக அந்த வேஷம் என்று கேட்காதீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேனே.

எனக்கு ஒரு பன்றி தேவைப்பட்டது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடுகிற பன்றியாக வேண்டும். பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்பு வந்தது. என் வளையம் ஒன்றில் இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: பன்றி, பீச் மரங்கள், பரணின் ஏணி, ஆரஞ்சுத் தொப்பி, அவன் என்னைத் திரும்பிப் பார்த்தது. சிவப்புப் புள்ளியை அவன் மேல் வைத்துச் சுட்டேன். பன்றி தப்பிவிட்டது.

பிறகு வளையத்தை ஆறுக்குத் திருப்பினேன். அவன் சொன்ன அதே கதையை நானும் சொன்னால் இந்த ஊர் எப்படி மறுக்கும்?

கொம்பு ஊத இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. நான் இறங்கவில்லை, விதி அது. முதல் பத்து நிமிஷம் அவன் கூப்பிட்டான். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். காதில் சத்தத் தடுப்பான் இருந்ததால் கேட்கவில்லை என்று உங்களிடம் முதலில் சொன்னேன். கேட்டது.

இனி நீங்கள் நேற்றுச் செய்ததைப் பற்றி. அடையாளம் காட்டத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்து வந்தேன். நான்கு துப்பாக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக என் கையில் கொடுத்தீர்கள். எது என் கடையில் வாங்கியது என்று கேட்டீர்கள். பார்த்துச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நாலாவதையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் கேட்டீர்கள்:

"உங்க கைக்கு வரும்போது நாலு வளையமும் வேற வேற எடத்துல இருந்துது. இப்பப் பாருங்க, எல்லாம் ஒண்ணுல இருக்கு. நீங்க திருப்புனது உங்களுக்கே தெரியல, இல்லையா?"

பார்த்தேன். நான்கும் ஒன்றில்தான் நின்றன.

அது தொழில் சுத்தம் என்றேன். துப்பாக்கியைக் கீழே வைக்கும்போது வளையம் ஒன்றில் இருக்க வேண்டும். எடுக்கிறவன் எடுத்தவுடன் முழுக் காட்டையும் பார்க்க வேண்டும். இது மூச்சு விடுகிற மாதிரி எனக்குப் பழகிப்போனது.

"அப்படின்னா வேட்டை அன்னைக்கு உங்க துப்பாக்கி மட்டும் ஏன் ஆறுல இருந்துது?" என்றீர்கள்.

கெட்டிக்காரத்தனமான கேள்வி. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் மேல் பொய்யாகக் கோர்த்துச் சொல்வது என் வழக்கமில்லை.

ஆனால் நீங்கள் அதோடு நிறுத்தவில்லை. ஃபோல்க்மாரின் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினீர்கள். நான் பூட்டிக் கொடுத்த ஸ்கோப். வளையம் ஒன்றை விட்டு அசையாதபடி மருந்துக்கடைப் பிளாஸ்திரியை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தான். மருத்துவன் கை, நேர்த்தியாகத்தான் சுற்றியிருந்தான். குழலில் தோட்டா இல்லை, சட்டைப் பையிலும் இல்லை என்றீர்கள். சரி, இல்லை. அது எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பரண்லேருந்து துப்பாக்கிய இறக்கி வெச்சது யாரு?"

நான்தான். அதை என்றைக்கும் மறைத்ததில்லை. ஏறினேன், தோட்டாக்களை எடுத்தேன், இறங்கினேன், மரத்தில் சாய்த்தேன். கீழே என் தம்பி கிடந்தான். அந்த நேரத்தில் என் விரல் எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ராத்திரி முழுக்க அதை வைத்துத்தான் உருண்டுகொண்டிருந்தேன். விடியும்போது தெளிந்துவிட்டது.

ஃபோல்க்மாரை நான் கொன்றேன். தெரிந்து, திட்டமிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக் கொன்றேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தவறான ஆளைக் கொன்றேன் என்று மட்டும் எழுத வேண்டாம். வளையத்தை யார் திருப்பினார்கள் என்ற ஆராய்ச்சி எதற்கு, மேடம்? நான் பார்த்தபோது அது ஒன்றில்தான் இருந்தது.