நாளைக்கு எத்தனை கிண்ணம் சோறு?

— ஐயோ! என்ன சத்தம் இது? கையில இருந்த கரண்டி சூப்புக்குள்ளயே விழுந்துடுச்சு! எங்கயாவது தீப்பிடிச்சிருச்சா?

— தீ எல்லாம் இல்ல சித்தி, என் போன் அலாரம். ஒத்திகைக்கு வச்ச அஞ்சு நிமிஷம் முடிஞ்சு போச்சு. கியூதே அண்ணா, போதும். நிறுத்துங்க.

— இரு தாஹே, இன்னும் நாலு ஸ்லைடு இருக்கு. அடிப்படையில பார்த்தா, முக்கியமான விஷயமே இனிமேதான் வருது.

— அஞ்சு நிமிஷம் பேசிட்டு இனிமேதான் வருதுன்னா எப்படிண்ணா? முதல்ல குனிஞ்சு குனிஞ்சு வணக்கம். அப்புறம் நீங்க படிச்ச காலேஜ். அப்புறம் கொரியாவுல சாப்பாட்டுத் தொழில் வளர்ந்த வரலாறு. அதுக்கப்புறம் ஒரு வட்டம், அந்த வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம். நாம என்ன விக்கிறோம்னு எங்க சொன்னீங்க?

— வட்டத்துலதான் இருக்கே.

— வட்டத்துல இருக்காம்! சித்தி, நீங்களும் கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க? இவர் என்ன சொன்னார்னு சொல்லுங்க பார்ப்போம்.

— என்னை ஏம்மா இழுக்கிறே? நான் கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்கறதும் சூப்பைக் கிண்டறதுமா இருந்தேன். ஏதோ டிவில வானிலை அறிக்கை ஓடுற மாதிரி இருந்துச்சு. அட போங்கப்பா, கொஞ்ச நேரத்துல ஆபீஸ்காரங்க சாப்பிட வந்துருவாங்க. என் ஓட்டல் மேஜையைக் காலி பண்ணுங்க.

— பார்த்தீங்களா? நம்ம போன் ஆப்-ஐத் தினமும் பயன்படுத்துற இவங்களுக்கே புரியல. பணம் போட வர்றவங்களுக்கு எப்படிப் புரியும்? போன தடவை அந்த நரைச்ச தலைக்காரர் என்ன கேட்டார்? “தம்பி, நீங்க சாஃப்ட்வேர் விக்கிறீங்களா, சோறு விக்கிறீங்களா?”ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க!

— வயசுல பெரியவர், அதான் மரியாதைக்குச் சிரிச்சேன்.

— மரியாதைக்கு! அதுக்கு முந்தின இடத்துல ஒரு மனுஷர் போன்ல வெங்காயத்தாள் ஆர்டர் போட்டுக்கிட்டு இருந்தார். நான் பின்னால நின்னு பார்த்தேன். ரெண்டு கட்டு போட்டார்.

— அவருக்கு நம்ம துறையில ஆர்வம் இல்ல.

— வெங்காயத்தாள் நம்ம துறைதான்ணா! இங்க பாருங்க, இன்னைக்கு கங்னம் ஏரியாவுல பார்க்கப் போற இன்வெஸ்டருங்கதான் கடைசி. இவங்களும் கைய விரிச்சா, மாசக் கடைசியில கம்பெனியை மூட வேண்டியதுதான். நான் பாங்க் வேலையை விட்டுட்டு உங்களை நம்பி வந்தவ. எங்க அம்மா இன்னும் பக்கத்து வீட்டுல நான் பாங்க்லதான் இருக்கேன்னு சொல்லிட்டுத் திரியறாங்க.

— எல்லாம் தெரியும் தாஹே.

— தெரிஞ்சா, ஒரே வரி சொல்லுங்க. “நாளைக்கு உங்க ஓட்டலுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு எங்க மெஷின் இன்னைக்கு ராத்திரியே சொல்லிடும். சோறு வீணாகாது.” அவ்வளவுதான். எங்க, சொல்லுங்க.

— அடிப்படையில பார்த்தா, பல அடுக்குத் தரவுகளை ஒருங்கிணைச்சு...

— அண்ணா!

— சரி, சரி. நாளைக்கு உங்க ஓட்டலுக்கு... தோராயமா... சில சூழ்நிலைகள்ல எத்தனை பேர் வரக்கூடும்னு...

— இதென்ன மருந்து பாட்டில்ல ஒட்டின எச்சரிக்கையா? நாப்பது ஓட்டல் நம்மகிட்ட வாடிக்கையா இருக்கு. ஒருத்தராவது கணக்கு தப்புன்னு சண்டைக்கு வந்திருக்காங்களா? அதைத் தைரியமா சொல்றதுக்கு என்ன கூச்சம்?

— அடக்கமா பேசினா நல்லதுன்னு நெனச்சேன்.

— அடக்கத்தையெல்லாம் மாமனார் வீட்டுல போய்க் காட்டுங்க.

— அடப் பாவம், அவனைத் திட்டாதே பொண்ணே. மூஞ்சியைப் பாரு, கண்ணு ரெண்டும் உள்ள போய்க் கெடக்கு. தம்பி, இந்த எலும்புச் சூப்பைக் குடி. ஆனா ஒண்ணு, உன் மெஷின் இருக்கே, அது பெரிய கெட்டிக்காரப் பய!

— அப்படிச் சொல்லுங்க சித்தி!

— போன வியாழக்கிழமைக்குப் பாதிச் சோறு போதும்னு செய்தி அனுப்பிச்சு. வெயில் நல்லா அடிக்குது, லீவும் கிடையாது, என்ன உளறுதுன்னு நெனச்சேன். சரி போகட்டும்னு பாதிதான் ஆக்கினேன். பார்த்தா, எதிர்த்த பில்டிங் இன்சூரன்ஸ் கம்பெனி மொத்தமும் மலையேறப் போயிருச்சு!

— மலையேறவா? வேலை நாள்லயா?

— அவங்க முதலாளிக்குத் திடீர்னு ஆசை வந்துச்சாம். முந்தின நாள் சாயங்காலம்தான் சொன்னாராம். எல்லாம் அழாத குறையா போச்சுங்க. இந்தத் தெருவுல எல்லார் கடையிலயும் சட்டி சட்டியா சோறு மிஞ்சிப்போச்சு. என் கடையில ஒரு கிண்ணம்கூட மிஞ்சல.

— கியூதே அண்ணா, இதுதான்! இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல? வட்டம் வேண்டாம், வரலாறு வேண்டாம். “ஒரு முதலாளிக்கு மலையேற ஆசை வந்துச்சு. அது அன்னைக்கு ராத்திரியே எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு.” இப்படி ஆரம்பிங்க. அப்புறம் எவன் போனைத் தொடுவான்?

— அந்தக் கதை வேண்டாம் தாஹே.

— ஏன்?

— அது ஒரு... விதிவிலக்கு.

— விதிவிலக்கைத்தான் மனுஷன் காது கொடுத்துக் கேப்பான். சரி, நான்தான் இன்வெஸ்டர்னு வச்சுக்குங்க. கேக்கறேன். முதலாளி வாயால சொன்னது உங்க மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— அடிப்படையில பார்த்தா, சமூகத் தரவுகள்...

— புரியல.

— அதாவது, மனித நடமாட்டத்தோட அறிகுறிகள்...

— இன்னும் புரியல. எனக்கு வேற கூட்டம் இருக்கு, கிளம்பறேன்.

— தாஹே, தயவுசெஞ்சு சித்தி முன்னாடி வேண்டாம்.

— சித்திதானே நம்ம முதல் வாடிக்கையாளர்! இவங்க முன்னாடி சொல்ல முடியாததை கங்னம்ல போய் எப்படிச் சொல்வீங்க?

— ஆமா தம்பி, எனக்கும் தெரிஞ்சாகணும். நான் உன் மெஷினைப் பத்தி இந்தத் தெரு முழுக்கப் பெருமையடிச்சு வச்சிருக்கேன். எப்படிப்பா கண்டுபிடிச்சுது அது?

— ஒரே வரி அண்ணா. வட்டம் இல்லாம.

— அந்த பில்டிங் வாசல் காவலாளிகிட்ட நான் போய்க் கேட்டேன்.

— நீங்க எதுக்குப் போய்க் கேக்கணும்? அதுக்குத்தானே மெஷின் இருக்கு?

— மெஷின் சொன்னது எல்லாம் தப்பு தாஹே, முதல் மாசமே அதை அணைச்சுட்டேன். நாப்பது ஓட்டலுக்கும் ராத்திரி ராத்திரி உக்காந்து கணக்கு போட்டு அனுப்பறது நான்தான்.