நூறு எட்டு

ஒக்காருங்க, ஒக்காருங்க... கைதட்டுனது போதும். "அக்காவே தலைவியா இருக்கணும், அக்காவே இருக்கணும்"னு பின் பெஞ்சுல ஒரு கூட்டம் கத்துது. கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. சின்னதுதான். பிரியாணி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

ஆறு வருசத்துக்கு முந்தி, தை மாசம், நம்ம கபடிக் கழகத்துலருந்து நாலு பேரு இமயமலைக்குப் போனோம். நாலு பேரும் பி.டி. டீச்சர். நாலும் சாத்தூர் வெயில்ல காஞ்ச கட்டை. ஐஸக் கரும்பு ஜூஸ் டம்ளர்ல பாத்ததோட சரி. எங்கள இழுத்துட்டுப் போனது யாரு? வேலுத்தாய். அந்தா, மூணாவது வரிசையில தலையக் குனிஞ்சுக்கிறா பாருங்க... அவதான்.

பனிக்காலத்துல யாருமே ஏறாத ஒரு உச்சி. பாதையே கிடையாது. வெயில் காலத்துல ஒரு ஆட்டுத் தடம் இருக்குமாம், அதையும் பனி மூடிருச்சு. வழிகாட்டி தாஷின்னு ஒரு மலைக்காரர். பட்டாளத்துல நம்ம ஆளுங்களோட இருந்தவர், கொஞ்சம் தமிழ் வரும். அவர் போட்ட சட்டம் ரெண்டே ரெண்டு. பன்னெண்டு மணிக்குள்ள உச்சியில நிக்கணும், இல்லன்னா நின்ன எடத்துலருந்து திரும்பணும். மதியத்துக்கு மேல காத்து ஆளையே தூக்கிடும். ரெண்டாவது... முன்னால போறவங்க நூறு எட்டுதான் போகணும்.

ஏன் நூறு? முன்னால போறவளுக்கு முழங்கால் வரைக்கும் பனி. ஒவ்வொரு எட்டையும் மிதிச்சு மிதிச்சு எடுத்து வைக்கணும். பின்னால வர்றவளுக்கு அந்தக் குழியில கால வச்சாப் போதும். அதனால நூறு எட்டு முடிஞ்சதும் மாத்திக்கணும்.

மொத நூறு தாஷி. அடுத்தது வேலுத்தாய். நூறு ஆச்சு... எரநூறு ஆச்சு... ஐநூறும் ஆச்சு. விட்டாளா? விடல! ஒரே மூச்சுல கபடி பாடுறவ, அஞ்சு எட்டுக்கு ஒருதடவ வாயப் பொளந்துகிட்டு நிக்கிறா. அவ நின்னா நாங்களும் நிக்கணும். மணி பத்தாச்சு. பாதி மலைகூடத் தாண்டல. பின்னாலருந்து தாஷி கத்துறார்.

"அக்கா! ஒதுங்கு!"

அவ்வளவுதான். திரும்புனா பாருங்க ஒரு திரும்பு... "யாரப் பாத்துடா ஒதுங்கச் சொல்ற?"

மனுசன் ஆடிப்போயிட்டார். பாவம், அவருக்குத் தெரிஞ்ச தமிழ் அதுதான். ஆனா எங்களுக்குத் தெரியும்ல? வேலுத்தாயோட அம்மா நடுத்தெருவுல நடந்தா, "ஏய், ஒதுங்கு!" சைக்கிள் வந்தா ஒதுங்கணும். மாடு வந்தா ஒதுங்கணும். ஏழு வயசுப் பொடியன் வந்தாலும் அந்தம்மா சாக்கடை ஓரமா ஒதுங்கணும். அந்த அம்மா சேலையப் புடிச்சுகிட்டு, கூடவே ஒதுங்கி ஒதுங்கி வளந்தவ இவ. இனி எவன் சொன்னாலும் ஒதுங்க மாட்டேன்னு வைராக்கியம் புடிச்சவ. அவகிட்டப் போய் அந்த வார்த்தையச் சொல்லலாமா? சொல்லலாமாங்க?

தாஷி கிட்ட வந்தார். கோவப்படல. "அக்கா... காலைல நான் ரோடு போட்டது. நூறு எட்டு. அப்புறம் நான் ஒதுங்கு, நீ போனது. எனக்கு அசிங்கமா?"

வேலுத்தாய் திரும்பி இன்னொரு எட்டு மிதிச்சா. தாஷி விடல.

"ரோடு போட்டவன்தான் ஒதுங்க முடியும் அக்கா. பின்னாடி சும்மா வந்தவன்... எங்க ஒதுங்கு?"

அப்படியே நின்னா. கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் ரெண்டே எட்டு... தானா... பக்கத்துல எடுத்து வச்சா. அங்க இடுப்பு வரைக்கும் பனி. அதுல நின்னுகிட்டு, களத்துல எறங்குறவளுக்குக் கை தட்டி அனுப்புவோம்ல, அதே மாதிரி ஒவ்வொருத்தி கையிலயும் ஒரு தட்டு. அடுத்த நூறு என்னோடது. என் கையில தட்டும்போது சொன்னா: "போடி... மூச்ச விட்டுறாத."

அதுக்கப்புறம் யாரும் நிக்கல. என் நூறு, அடுத்தவ நூறு, அதுக்கடுத்தவ நூறு, தாஷி நூறு, மறுபடி வேலுத்தாய் நூறு. பன்னெண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கு... உச்சி! நம்ம கழகத்துக் கொடிய ஊனிட்டு, கீழ குனிஞ்சு பாக்குறோம். காலையில ஒரு கோடுகூட இல்லாத மலையில, அடியிலருந்து உச்சி வரைக்கும் ஒரே ஒரு தடம். அதுல எது வேலுத்தாய் கால், எது என் காலு? தெரியல. ஒருத்தி கால் மேல ஒருத்தி கால் வச்சு வச்சு... பாதை ஆகிப்போச்சு.

என் தங்கங்களா, ஒதுக்குறது வேற, ஒதுங்குறது வேற. ஒதுக்குறது அடுத்தவன் பண்ற அநியாயம். அதுக்கு வேலுத்தாய் அன்னைக்கும் பணியல, நாமளும் என்னைக்கும் பணிய வேண்டாம். ஆனா ஒதுங்குறது, வழி போட்டவளோட உரிமை. பதினாலு வருசத்துக்கு முன்னாடி நான் இந்தக் கழகத்த ஆரம்பிச்சப்ப, பொம்பளப் புள்ள டவுசர் போட்டு ஆடுறதான்னு கல்லெறிஞ்ச ஊரு இது. இன்னைக்கு ஊருக்கு ஒரு டீம் நிக்குது. எனக்குப் பெருமையா இருக்கு. அடக்கமெல்லாம் எதுக்கு, வாய்விட்டே சொல்றேன்... ரொம்பப் பெருமையா இருக்கு. அதனாலதான் இந்த நாற்காலியில இனி உக்கார மாட்டேன்னு சொல்றேன். யாரும் என்னை ஒதுக்கல. நான் ஒதுங்குறேன்.

எங்க நம்ம புதுத் தலைவி? ஏய் சங்கரேஸ்வரி, அழாம மேடைக்கு வா. கைய நீட்டு...

போ தாயி. மூச்ச விட்டுறாத.