மக்னீசியத்தில் குருணை

— சத்தமாச் சொல்லு ஆசாரி. இந்தப் பட்டைக்குள்ள என்ன இருக்குதுன்னே?

— மணிங்க, செங்கோட்டையண்ணா. பெருசு பெருசா இருந்துச்சுங்க. கோயமுத்தூர்ப் பட்டறையில சூடு காட்டித் திருப்பித் திருப்பி அடிச்சுக் குருணையாட்டப் பண்ணீட்டனுங்க.

— அரிசி கேரளாவுக்குப் போகக்கூடாதுன்னுதான் இங்க செக்போஸ்டே போட்டிருக்குது. எங்கிட்டயே குருணைங்கற?

— அட, திங்கற மணி இல்லீங்க. மக்னீசியத்துக்குள்ள இருக்கற மணி. கண்ணுக்கே தெரியாது. அடிக்க அடிக்கப் பொடியாகும், பொடியாக ஆக உறுதி ஏறும்னு காலேஜு வாத்தியார் சொன்னாருங்க. அவருதான் பழைய ஏரோப்ளேன் சக்கரத்துத் துண்டு ஒண்ணு குடுத்தாரு.

— கண்ணுக்குத் தெரியாத குருணையா! சார், சார்! அந்த பஸ்ஸ அப்பறம் பாத்துக்கலாம், ஓடியாங்க!

— என்னய்யா கூச்சல்? பஸ்ஸுக்குள்ள இன்னும் காலே வைக்கலை, அதுக்குள்ள கூப்பிடறே.

— இவன் ஆறுச்சாமிங்க சார். கேரளாப் பக்கம் கொழிஞ்சாம்பாறை ஆசாரி. உலோகத்துக்குள்ள குருணைய ஒளிச்சுட்டுப் போறான்.

— சட்டப்படி குருணையும் அரிசிதான். எத்தனை கிலோ?

— அய்யா, என்ற மக கமலாத்தாளுக்கு இளம்பிள்ளை வாதமுங்க. கால்ல இரும்புப் பட்டை கட்டியிருக்குது. கனம் தாங்காம உக்காந்த எடத்துலயே கெடக்கறா. இதக் கட்டுனா தக்கையாட்டம் இருக்குமுங்க. வெள்ளிக்கிழமை மாரியாத்தா கோயில அவளே நடந்து சுத்தோணும்னு வேண்டுதலு.

— கொடு இப்படி. என்னய்யா, கனமே இல்லை!

— அதத்தான் சொல்றனுங்க.

— உள்ளே காலி! அரிசியை எடுத்துட்டியா? எங்கே கொட்டினே?

— சார், காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க.

— சத்தமே வரலையே.

— அப்ப இறுக்கி அடைச்சிருக்கானுங்க. எடமிருந்தாத்தானே குலுங்கும்?

— ஒரு முடிவுக்கு வாய்யா. காலியா, நிறைஞ்சிருக்கா?

— ரெண்டும்னே எழுதிக்கலாங்க சார்.

— வேண்டாம். அந்த டீக்கடை அடுப்பில் போடு. சோறு வெந்தா வாசனை வரும்.

— அய்யோ, தீயில போடாதீங்க சாமி! அளவாத்தான் சூடு காட்டோணும். மீறுனாப் பத்திக்கும். தண்ணி ஊத்துனா இன்னும் ஆங்காரமா எரியும்.

— தண்ணி ஊத்தினா எரியற அரிசியா? சட்டப்படி இது ரொம்ப ஆபத்தான அரிசி. செங்கோட்டையா, சுத்தியலை எடு. உடைச்சுப் பார்த்துடலாம்.

— உடைக்கறதுன்னா என்ற காலை ஒடைங்க சார். திருநீறு பூசி, புள்ள பேரச் சொல்லிச் சொல்லி அடிச்சதுங்க இது. இன்னொரு துண்டுக்கு நான் எங்க போவேன்?

— அழுவாத ஆசாரி, தள்ளி நில்லு. சார், உடைக்கறதுக்கு முன்னால ஒரு சந்தேகமுங்க.

— என்ன?

— கொட்டறது கண்ணுக்குத் தெரியாத அரிசிங்க. அத எப்பிடிப் பொறுக்கி ஆபீசுல ஒப்படைக்கறது? ஒரு மணி கொறஞ்சாலும் யாரு தின்னதுன்னு கேப்பாங்களே?

— யாரைக் கேப்பாங்க?

— கையெழுத்து உங்களுதுதானுங்களே.

— அப்படியா? சரி, சட்டப்படி கண்ணுக்குத் தெரியாததை நான் பார்க்கவே இல்லை. கொடுத்து அனுப்பு. ஆமா, அந்த பஸ் எங்கே?

— இப்பத்தாங்க சார் போச்சு.

— போயிடுச்சா! சரி, அடுத்ததைப் பார்க்கலாம். நான் போய் டீ குடிச்சுட்டு வர்றேன்.

— போங்க சார், நல்லாச் சூடா குடிங்க. ஆசாரி, இந்தா பட்டை. ஒரு கீறல் இல்ல, பாத்துக்க. கண்ணத் தொடைச்சுக்க. உன்ற பஸ்ஸும் போச்சு, என்ற சைக்கிள எடுத்துட்டுப் போ.

— நீங்க நல்லா இருக்கோணுமுங்க. ஆனா ஏனுங்கண்ணா, போன வாரம் இந்த வழியாப் போகையிலயே மணின்னா என்னன்னு வெவரமாச் சொன்னனே. நல்லா வெளங்குச்சுன்னீங்களே. அப்பறம் எதுக்குங்க இந்தக் கூத்து?

— எனக்கு அன்னிக்கே வெளங்கிருச்சு ஆசாரி. ஆனா புள்ளைகளுக்குக் கஞ்சி காச்ச மடியில அரிசியக் கட்டிக்கிட்டு, நம்ம கருப்பாத்தாக்காவும் இன்னும் நாலு பொம்பளைகளும் அந்த பஸ்ஸுல உக்காந்திருந்தாங்களே!