முதல் குழாயும் எட்டாம் குழாயும்

இயந்திரம் நல்ல இயந்திரம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழி அதன் தலையில் விழக்கூடாது.

பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைக்காரர் டி.என்.ஏ. மாதிரி எடுத்தாலும் எங்கள் பொது ஆய்வகத்துக்குத்தான் அனுப்புவார். சின்னச் சின்னக் குழாய்களில் வரும். அதிலுள்ள எழுத்துகளை இயந்திரம் வரிசையாகப் படித்து, நான்கு நிறங்களில் மேடும் பள்ளமுமாக வரைந்து, அனுப்பியவருக்கே நேராக மெயில் போட்டுவிடும். எழுத்தில் குறை இருந்தால் ஒரே இடத்தில் இரண்டு முகடு தெரியும். அந்த அறை பல வருடமாக என் பொறுப்பில் இருந்தது. என் கை தப்பாது என்று பெயர்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், வயதில் மூத்தவர், ஒருமுறை குழாய்ப் பட்டையைத் திருப்பி வைத்துவிட்டார். எட்டுக் குழாய்கள் ஒட்டிய பட்டை அது. திருப்பி வைத்தால் முதல் குழாயின் முடிவு எட்டாவதன் பெயரில் போகும். செடிகளின் மாதிரிதான், யார் குடியும் முழுகவில்லை. ஆனாலும் திங்கட்கிழமைக் கூட்டத்தில், "சார் சட்டையையாவது நேரா போடறாரான்னு வீட்ல கேக்கணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். 'தலைகீழ் சார்' என்று பெயர் வைத்தது நான்தான். அவரை வரவேற்பு மேஜைக்கு மாற்றினார்கள். அங்கே போன் வந்தால் அவரே, "தலைகீழ் பேசறேன்" என்று எடுப்பார். இனி யார் தவறு செய்தாலும் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்ற விதியையும் நான் கொண்டுவந்தேன். நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒழுங்கு வேண்டும்.

இதய டாக்டர் ஒருவர் ஒரே குடும்பத்தின் எட்டுப் பேர் மாதிரியை அனுப்பினார். அந்தக் குடும்பத்தில் சிலர் இளவயதிலேயே, ஓடும்போதோ நீந்தும்போதோ, இதயம் நின்று இறந்துபோயிருந்தார்கள். முதல் குழாய் ஒரு பெண், பள்ளி நீச்சல் அணியில் இருந்தவள். எட்டாவது அவளுடைய சித்தப்பா, கிரேன் ஓட்டுபவர். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. எனக்கு அப்போது வெறும் எண்கள்தான்.

முதல் குழாயில் நீலப் புள்ளி வைப்பது என் பழக்கம். மறுநாள் காலை பட்டையை வெளியே எடுத்தபோது புள்ளி எட்டாவது இடத்தில் இருந்தது. நடுவில் இருந்த ஆறு பேருக்கும் குறை இல்லை. அவர்களுக்குள் மாறினாலும் ஒன்றுதான். எட்டாவது குழாய்க்குக் குறை என்று மெயில் போயிருந்தது. குறை முதல் குழாய்க்கு.

ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுத உட்கார்ந்தேன். கதவுக்கு வெளியே போன் அடித்தது. "தலைகீழ் பேசறேன்" என்று அவர் குரல் கேட்டது. நான் பட்டையைக் கழிவுப் பையில் போட்டேன்.

டாக்டர் கவனமானவர். குறையுள்ள எட்டாவது மாதிரியை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னார். அதைப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆகவே முதல் மாதிரியில் மிச்சமிருந்ததை எட்டாவதாக வைத்தேன். முடிவு பொருந்தியது. டாக்டர் நன்றி எழுதினார்.

சித்தப்பாவின் நெஞ்சைக் கிழித்து ஒரு கருவி வைத்தார்கள். கிரேன் ஓட்டக்கூடாது என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உயிருக்கு ஆபத்தில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். குறை இல்லை என்று சொல்லப்பட்ட பெண் மறுபடி நீந்தப் போனாள். ஒரு காலைப் பயிற்சியில், குளத்தின் பாதி நீளத்தில், கையசைப்பு நின்றது. பயிற்சியாளர் கவனிக்காமல் விட்டதாக அவரைக் கைது செய்தார்கள்.

காரணம் தெரிய வேண்டும் என்று டாக்டர் அவள் ரத்தத்தைக் கொண்டுவந்தார். கூடவே அவள் அம்மாவும் வந்தாள். வரவேற்பு மேஜைக்காரர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். கதவு ஒருக்களித்திருந்தது.

"நான் வேணாம்னுதான் சார் சொன்னேன். உங்க ரிசல்ட்டக் காட்டித்தான் என்கிட்ட சம்மதம் வாங்கினா. அதுல ஏதாவது தப்பு இருக்குமா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்காதும்மா. உள்ள இருக்கற மேடம் கை தப்பாது. இங்க தப்பு பண்ற ஆளு நான் ஒருத்தன்தான். அதான் என்னை வாசல்ல உக்கார வெச்சிருக்காங்க" என்றார் அவர்.

அவர் குத்திக்காட்டவில்லை. மனதாரச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணின் ரத்தத்தை முறைப்படி பார்த்தேன். இரண்டு முகடு, எதிர்பார்த்த இடத்திலேயே. அந்த வரைபடத்தை அழித்தேன். பஞ்சுக்குச்சியால் என் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்து, அவள் எண் எழுதிய குழாயில் போட்டு ஓட்டினேன். இறந்த பெண்ணின் பெயரில் போன எழுத்துகள் என்னுடையவை. எனக்கு அந்தக் குறை இல்லை. இதயத்தில் கோளாறில்லை, கவனக்குறைவுதான் என்று நீதிமன்றத்தில் முடிவாயிற்று. பயிற்சியாளர் இப்போது சிறையில் இருக்கிறார். அவருக்குக் கைக்குழந்தை இருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன்.

டாக்டர் பாதி ரத்தத்தை வேறொரு ஆய்வகத்துக்கும் அனுப்பியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு வந்த அந்த முடிவில் குறை தெரிந்துவிட்டது. அதனால்தான் இதே ஆய்வகத்தில், போலீஸார் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆம். பட்டையைத் திருப்பி வைத்தது கைத்தவறு. மற்ற எல்லாம் தெரிந்தே செய்தவை. அந்தத் தாயை நினைத்தால் தலை நிமிர முடியவில்லை. ஆனாலும் எனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. ஆய்வகத்தின் பெயர் கெடக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அழைத்துப் போகும்போது பின்வாசல் வழியாகக் கூட்டிப் போங்கள். முன்வாசல் மேஜையில் அவர் இருப்பார்.