ஜெயத்தின் முந்தானையில் இருந்த பருப்பு

1934ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9ந் தேதி வியாழக்கிழமை, புதுச்சேரி பொலீஸ் கச்சேரியில் எழுதிக்கொண்டது.

என் பெயர் புஷ்பமேரி. வயது நாற்பத்தொன்று. மீன்பிடிக்கும் சூசையின் மனைவி. இருப்பிடம் குருசுக்குப்பம். ஏற்றுமதிக் கிடங்கில் தானியம் புடைக்கும் வேலை.

எங்கள் கிடங்கிலிருந்து ரெயூனியன் தீவுக்குத் துவரம் பருப்பு கப்பலேறுகிறது. வழியில் வண்டு விழாமலிருக்க, மூட்டைகளை உள்ளே அடுக்கி, சட்டியில் கந்தகம் கொளுத்தி வைத்து, கதவைப் பூட்டி இடுக்கில் களிமண் பூசிவிடுவார்கள். மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். பூட்டுமுன் எல்லோரும் வெளியே வந்தாயிற்றா என்று மேஸ்திரி கலியபெருமாள் பார்ப்பது முறத்தை வைத்துத்தான். வாசல் சுவரில் இருபத்திரண்டு ஆணி உண்டு. வெளியே வருகிறவள் தன் முறத்தைத் தன் ஆணியில் மாட்ட வேண்டும். அவர் தலையை எண்ணமாட்டார், முறத்தை எண்ணுவார்.

திங்கட்கிழமை சாயங்காலம் என்னோடு புடைக்கும் ஜெயம் தலை சுற்றுகிறதென்று மூட்டைகளுக்குப் பின்னால் படுத்தாள். அவளுக்கு ஏழு மாதம். படுத்தவளை மேஸ்திரி பார்த்தால் மறுநாள் வேலை இல்லை. "நீ போக்கா, என் மொறத்தயும் மாட்டிடு, பின்னாலயே வந்துடறேன்" என்றாள். நான் இரண்டு முறத்தையும் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் வந்தாளா என்று நின்று பார்க்கவில்லை. அவள் புருஷன் பக்கிரிக்கு மில்லில் ராத்திரி வேலை, அவனுக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரி கதவைத் திறந்தபோது ஜெயம் கதவடியில் கிடந்தாள். முதலில் தொட்டவள் நான். கை சில்லிட்டிருந்தது. முந்தானையைச் சுருட்டி மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்தாள். அதன் பிறகு மேஸ்திரி மற்றவர்களை வெளியே துரத்திவிட்டு, அந்த முந்தானையைப் பிடுங்கி, பிரித்த மூட்டையிலிருந்து இரண்டு கை பருப்பை அள்ளி அதில் முடிந்து, அவள் இடுப்பில் செருகினார். என்னைப் பார்த்து, "நீ ரெண்டு மொறம் மாட்டுனத பாத்தேன். நான் அத சொல்லல, நீ இத சொல்லாத" என்றார்.

அதன் பிறகு பொலீஸ் வந்து கேட்டதற்கு, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பயந்துதான் சொன்னேன். திருட ஒளிந்திருந்து செத்தாள் என்று எழுதிக்கொண்டார்கள். நேற்று அவளை எடுக்கும்போது தெருவில் நாலு பேர்கூட வரவில்லை. பக்கிரி என்னிடம், "அவ திருடுவாளாக்கா?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று நானே வந்தேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். ஜெயத்தின் முறத்தை மாட்டியது நான் என்ற இடம் அதில் இல்லை. "அது உனக்குத்தான் கெடுதல், வேண்டாமே" என்றார் எழுதியவர். அதையும் எழுதச் சொன்னேன். எழுதியபின் மறுபடி முழுதும் கேட்டேன், எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. கையெழுத்துத் தெரியாததால் இடது பெருவிரல் ரேகை வைத்தேன்.

புஷ்பமேரி, ரேகை.